கரித்துணியில் தொடங்குங்கள்

குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னலைக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதல்நாள் கேட்பது ஒன்றுதான். "அத்தை, டிவி மேல போடுவாங்கள்லா, அந்தப் பூ விரிப்பு எப்பம் போடலாம்?" டிவி சுவரில் ஏறிப் பல வருசம் ஆகிவிட்டது. விரிப்பு போட அதன் தலையில் இடம் கிடையாது. ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. நான் மாட்டேன் என்றுவிடுவேன். முதலில் அடுக்களைக்குப் பின்னுங்கள். பாத்திரம் தேய்க்கிற துணி கோணலாக இருந்தால் பாத்திரம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. பூ விரிப்பில் ஒரு தையல் தப்பினால் வருகிற மைனிமாரெல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எனக்குச் சொல்லித்தந்தவர் பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு டீச்சரம்மா. சொந்த ஊர் இடையன்குடி. கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா, நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் கற்பித்த மால்ட் அம்மாவின் மகள். 1844இல் கல்யாணமாகி இடையன்குடிக்கு வந்தவர், அங்கேயும் அதைக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் வேறு, குரோஷா வேறு. அது திண்டின் மேல் குண்டூசிகளை நட்டு, கட்டைகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போடுவது. குரோஷாவுக்கு ஒரு நூல், ஒரு கொக்கி ஊசி, அவ்வளவுதான். டீச்சரம்மாவுக்கு இரண்டும் தெரியும். "உனக்குத் திண்டு லேஸுக்குப் பொறுமை காணாதுட்டீ, கொக்கியைப் பிடி" என்று கையில் திணித்தார். அவர் சொன்னது சரிதான்.

சரி, கடைக்குப் போகலாம். குரோஷா ஊசி என்று கேட்டால் இரும்பில் மெல்லிசாக ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது லேஸ் நூலுக்கானது. அதில் தொடங்கியவர்களில் பாதிப் பேர் கண்வலி வந்து விட்டுவிட்டார்கள். 4 மி.மீ. அலுமினிய ஊசி கேளுங்கள். நடுவில் கட்டைவிரல் வைக்கத் தட்டையாக ஓர் இடம் இருக்கும், அளவும் பெரும்பாலும் அதில்தான் பொறித்திருக்கும். நூல், 8 பிளை பருத்தி. நிட்டிங் காட்டன் என்று கேட்டால் தெரியும். வெளிர் நிறமாக வாங்குங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் தையலின் கண் தெரியாது, டியூப்லைட் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரியாது.

பருத்திதானா என்று கொளுத்திப் பார்த்துவிடுங்கள். ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால் பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். அக்ரிலிக் என்றால் உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியான மணி கட்டும். நான் பார்க்காமல் விட்டேன். ஒரு கடையில் பருத்தி என்று சொல்லித் தந்த பச்சை நூலில் அழகாக ஒரு கரித்துணி பின்னி, தோசைக்கல்லின் காதைப் பிடித்தேன். துணி இளகிக் காதிலேயே ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. கையில் வந்த கொப்புளம் தனிக்கணக்கு. அடுக்களையில் சூடு படுகிற எதற்கும் பருத்தி மட்டும்தான்.

இனி கை. சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டுங்கள். ஊசியைப் பென்சில் மாதிரியும் பிடிக்கலாம், கத்தி மாதிரியும் பிடிக்கலாம். இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று அதட்டுகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இடதுகையில் நூல் சுண்டுவிரலைச் சுற்றி ஆள்காட்டி விரல்மேல் ஓட வேண்டும். அந்த விரல்தான் பிரேக். நூலைக் கொக்கியில் மாட்டி, ஊசியிலிருக்கும் கண்ணிக்குள் இழுத்தால் ஒரு சங்கிலி. இதை ஐம்பது நூறு என்று போட்டுப் போட்டுப் பிரியுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் இறுக்கித்தான் போடுவார்கள். அப்புறம் அந்தச் சங்கிலிக்குள் ஊசி நுழையாது. ஊசி தாராளமாகப் போய்வருகிற அளவு கண்ணி தளர்வாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் விரல் வியர்த்து நூல் ஓடாவிட்டால் கொஞ்சம் பவுடர் பூசிக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகளுக்கு இடதுகைப் பழக்கம். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து நாலு நாள் இரண்டு பேருமே எரிச்சலில் இருந்தோம். ஐந்தாம் நாள் பட்டாசலில் எனக்கு எதிரே உட்கார வைத்தேன். கண்ணாடியைப் பார்ப்பது போல அவள் பாட்டுக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

முதல் வேலை, பாத்திரம் தேய்க்க ஒரு சதுரம். 31 சங்கிலி போடுங்கள். சங்கிலியின் முகத்தைப் பாருங்கள், நெல்மணிகளை ஜோடி ஜோடியாகச் சாய்த்து அடுக்கினது போல இருக்கும். ஒரு ஜோடி ஒரு சங்கிலி. ஊசியிலிருக்கும் கண்ணி கணக்கில் சேராது. ஊசிப் பக்கமிருந்து இரண்டாவது சங்கிலிக்குள் ஊசியை விட்டு, நூலை மாட்டி இழுத்து வாருங்கள். இப்போது ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி நூலை மாட்டி, இரண்டு கண்ணிகள் வழியாகவும் ஒரே இழுப்பில் வெளியே கொண்டு வாருங்கள். ஒரு கண்ணி மிஞ்சும். அதுதான் ஒற்றை. அடுத்த சங்கிலியில் அடுத்த ஒற்றை. கடைசிவரை போனால் 30 வரும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக்காரர்கள் வீடியோவில் சிங்கிள் குரோஷே என்கிற இதே தையலை இங்கிலாந்துக்காரர்கள் டபுள் குரோஷே என்பார்கள். பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பின்னினால் ஒன்று வரும், போனைப் பார்த்துப் பின்னினால் வேறொன்று வரும். எது எந்த ஊர்க் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் டீச்சரம்மா சொன்னபடி ஒற்றை என்றே சொல்கிறேன்.

வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் துணியைத் திருப்புங்கள். இனி ஊசி நுழைய வேண்டியது கீழ்வரிசைத் தையலின் தலையில் இருக்கும் இரண்டு இழைக்கும் அடியில். முதல் ஒற்றை, முதல் தையலிலேயே விழ வேண்டும். திருப்பப் போட்ட அந்த ஒரு சங்கிலி தையல் ஆகாது. இங்கேதான் எல்லாருக்கும் தப்பும். முதலையோ கடைசியையோ விட்டுவிடுவோம். 30, 29 ஆகும், 28 ஆகும், சதுரம் பச்சை வாழையிலையின் நுனி மாதிரி கூர்ந்துகொண்டே போகும். என் முதல் துணியை டீச்சரம்மா தூக்கிப் பார்த்து, "கதவுக்கு ஆப்பு வைக்கவாட்டீ?" என்று கேட்டார். ஒவ்வொரு வரிசையிலும் முதல் தையலிலும் கடைசித் தையலிலும் ஆளுக்கொரு ஊக்கு மாட்டுங்கள், தப்பவே தப்பாது. எண்ணவும் வேண்டும். எங்கள் ஆச்சி நெல் அளக்கையில் ஒன்று என்று சொல்லமாட்டாள், "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் போவாள். எனக்குத் தையலுக்கும் அதே பழக்கம். பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி லாபத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

துணியை மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். விளிம்போடு விளிம்பு பொருந்தினால் சதுரம் முடிந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கண்ணிக்குள் இழுத்து முடியுங்கள். அந்த வாலை மொட்டை முனையும் பெரிய காதும் உள்ள ஊசியில் கோத்து, தையலுக்குள்ளேயே ஒரு பக்கம் ஓட்டி, பிறகு வந்தவழியே எதிர்ப்பக்கமும் ஓட்டுங்கள். ஒரே பக்கமாக ஓட்டினால் அங்கணத்தில் நாலு தடவை தேய்த்ததும் வால் வெளியே எட்டிப் பார்க்கும்.

தப்பாகப் போனால் பிரிக்கப் பயப்பட வேண்டாம். வயர்கூடை பின்னியவர்களுக்கு முடிச்சைப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இதில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் மடமடவென்று பிரியும், தப்பின இடம் வந்ததும் நிறுத்தலாம்.

அடுத்தது கரித்துணி. என்னைக் கேட்டால் குரோஷாவில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சாமான் கிடையாது. 51 சங்கிலி போட்டு, இரண்டாவதிலிருந்து தொடங்கி 50 ஒற்றை. முடிவில் திருப்பாதீர்கள். அப்படியே சங்கிலியின் அடிப்பக்கத்துக்கு வளைந்து, அதே சங்கிலிகளில் மறுபக்கமாக இன்னொரு 50. இப்போது சுற்றுக்கு 100. கூட்டாமல், குறைக்காமல், சுற்றி சுற்றிப் போய்க்கொண்டே இருங்கள். மூன்றாம் சுற்றில் ஓரம் எழும்பிப் படகு மாதிரி ஆகும். "அத்தை, இது பை ஆகுது!" என்று போன் வரும். ஆகட்டும். பதினைந்து சென்டிமீட்டர் வாக்கில் உயரம் வந்ததும் வாயை, அடிமடிப்பு முதுகுப்பக்கத்தின் நடுவில் வருகிற மாதிரி, குறுக்கே மடித்துப் பாருங்கள். வாயின் இரண்டு ஓரமும் நடுவில் வந்து சேர்ந்து, துணி ஒரு சாண் சதுரமாகப் படியும். சேராவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு சுற்று. சேர்ந்த கோட்டை ஊசி நூலால் தைத்துவிட்டால் இரட்டைத் துணியில் சதுரம் தயார். ஒரு மூலையில் பத்துச் சங்கிலியில் வளையம் வைத்தால் ஆணியில் தொங்கவிடலாம்.

இரட்டைத் துணி என்பதற்காக எதையும் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஈரத்துணியால் சூடான சட்டியைத் தொட்டால் துணியிலிருக்கும் தண்ணீர் வழியாகச் சூடு சட்டென்று ஏறும், ஆவி கையைப் பொசுக்கும். அதனால் இரண்டு பின்னி வைத்து, ஒன்று காயும்போது மற்றதை எடுங்கள். ஆனி ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் விழும் நாட்களில் மூன்று வேண்டும். சாயம் போகுமா என்று முதல் தடவை தனியாக நனைத்துப் பாருங்கள். பருத்தி முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கும், அதனால் சற்றுப் பெரிதாகவே பின்னுவது நல்லது.

மூன்றாவது பிரிமணை. காருகுறிச்சியில் வாங்கின மண்சட்டிக்கு அடி உருண்டை. சொதியோடு மேசையில் வைத்தால் ஆடும். ஆச்சி காலத்தில் வைக்கோல் பிரியைச் சுற்றி மணை செய்வார்கள். நான் தென்னங்கயிற்றைச் சட்டியின் அடிக்குத் தக்கபடி மூன்று சுற்றாக வளைத்துக் கட்டி, மேலே பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவேன். சுற்றாவிட்டால் நார் நூலுக்குள்ளிருந்து குத்திக்கொண்டே இருக்கும். பிறகு வளையத்தின் நடுவில் ஊசியை விட்டு நூலை இழுத்து, மேலே வந்து நூலை மாட்டி இரண்டு கண்ணியையும் சேர்த்து இழுத்தால் ஒற்றை. கயிறே தெரியாதபடி நெருக்கி நெருக்கிப் போட வேண்டும். எத்தனை தையல் என்று எண்ணவே வேண்டாம். வேலைகளில் இதுதான் சீக்கிரம் முடிவது, ஒரு மத்தியானம் போதும். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

கடைசியாக, காய் தொங்கவிட வலைப்பை. இதற்கு வட்டம் போடத் தெரிய வேண்டும். இரண்டு சங்கிலி போட்டு, முதலில் போட்ட சங்கிலிக்குள் 6 ஒற்றை. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, 12 ஆகும். அதற்கடுத்து ஒரு தையலில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் 18. இப்படிச் சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே எட்டுச் சுற்றில் 48 வரை போங்கள். கூட்டுவது குறைந்தால் வட்டம் கிண்ணமாகக் குழியும், அதிகமானால் அப்பளம் பொரிகிற மாதிரி ஓரம் நெளியும். 48க்கு மேல் வலை. ஐந்து சங்கிலி போட்டு, இரண்டு தையல் விட்டு மூன்றாவதில் ஒற்றை. 16 ஜன்னல் வரும். அடுத்த சுற்றிலிருந்து ஐந்து சங்கிலி, அடுத்த ஜன்னலின் நடுவில் ஒற்றை, அவ்வளவுதான். ஒரு முழம் உயரம் வந்ததும் நீளமாக ஒரு சங்கிலி பின்னி, மேல் ஜன்னல்களில் கோத்து இழுத்தால் வாய் மூடும்.

இந்தக் கணக்கு பல்லாரிக்கு, அதாவது பெரிய வெங்காயத்துக்கு. உள்ளிக்கு, அதாவது சின்ன வெங்காயத்துக்கு என்றால் மூன்று சங்கிலி, ஒரு தையல் விட்டு அடுத்ததில் ஒற்றை என்று நெருக்குங்கள், 24 ஜன்னல் வரும். நான் முதலில் இரண்டுக்கும் ஐந்தே போட்டு, இரண்டு கிலோ உள்ளியை நிரப்பி அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். ஒன்று விழுந்தது. பின்னாலேயே நாலைந்து. அண்ணன் மகள் அங்கணக்குழியிலிருந்து நடைவரை ஓடி ஓடிப் பொறுக்கினாள்.