பாலியல் தொற்றுப் பரிசோதனை: கொழும்பில் நான் போய்வந்த வழி

சென்ற வருடம் ஒரு இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று கிழமை எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒரே குளியலறை. கதவைப் பூட்டிக்கொண்டு போன் வெளிச்சத்தில் உடம்பைப் பார்ப்பேன். சவரம் செய்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தாலே நெஞ்சு படபடக்கும். கேட்க ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

72 மணித்தியாலம் கடக்கவில்லையா? இப்போதே கிளம்புங்கள்

இந்தப் பகுதியை முதலில் கடைசியில்தான் போட்டிருந்தேன். தனக்குச் சம்பவம் நடந்து நாலாம் நாள்தான் இதைப் படித்ததாக ஒருவர் எழுதினார். அன்றே மேலே கொண்டுவந்துவிட்டேன். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படும் சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் மருந்தைத் தொடங்கினால், தொற்று உடம்பில் நிலைகொள்வதைப் பெரும்பாலும் தடுக்கலாம். 28 நாள் தொடர்ந்து குடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. மருந்து தேவையா இல்லையா என்பதை வைத்தியர் சொல்வார். கீழே சொல்லும் அரசாங்கக் கிளினிக் பூட்டியிருக்கும் நேரமென்றால் பெரிய அரசாங்க வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

திகதியை எழுதுங்கள்

சம்பவம் நடந்த நாளைச் சுவர்க் கலண்டரில் ஒரு புள்ளியாக வையுங்கள். போனில் வேண்டாம். போனைக் கையில் எடுத்தால் தேடல் தொடங்கிவிடும், தேடல் தொடங்கினால் விடிந்துவிடும். அந்தப் புள்ளியிலிருந்து 14, 45, 90 ஆகிய நாட்களை எண்ணிக் குறியுங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். ஒன்பதாம் நாளே ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஆறேழு பேர். பணம் வாங்கிய பெண் பரிசோதனையின் பெயரைச் சத்தமாக வாசித்தார். என் காது சூடானது. மறுநாள் வந்த ரிப்போட்டில் தொற்று இல்லை என்றிருந்தது. அந்த நிம்மதி பின்னேரம் வரைதான் நின்றது. ஏனென்றால் ஒன்பதாம் நாள் எடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி.யும் தெரியாது, சிபிலிஸ் என்ற பாலியல் நோயும் தெரியாது.

காரணம் இதுதான். பெரும்பாலான இரத்தப் பரிசோதனைகள் கிருமியை நேரே தேடுவதில்லை. அதை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுகின்றன. அது உருவாக நாளெடுக்கும். எச்.ஐ.வி. கிருமியின் ஒரு புரதத்தையும் பிறபொருளெதிரியையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையை நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் செய்தால், 45 நாளில் முடிவை நம்பலாம். விரலில் குத்திப் பார்ப்பதற்கும், வீட்டில் நாமே செய்யும் கிட்டுக்கும் 90 நாள். சிபிலிசின் புண் சராசரியாக 21 நாளில் வரும். வலிக்காது. சில கிழமையில் மருந்தில்லாமலே ஆறியும்விடும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். அதனால் புண் ஆறியதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. இரத்தத்தை 90ஆம் நாள் மறுபடி பாருங்கள். கொனோரியா, கிளமீடியா என்ற மற்ற இரண்டு பாலியல் தொற்றுக்கும் 14 நாள் போதும்.

எரிச்சல், சீழ், புண் என்று ஏதாவது தெரிந்தால் எந்தத் திகதிக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றே போங்கள்.

எங்கே போவது

என் முடிவான அபிப்பிராயம்: அரசாங்கக் கிளினிக். கொழும்பு 10, டி சேரம் பிளேஸ், இலக்கம் 29. தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக் அங்கேதான். இலவசம். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. என்னைப் பெயர் சொல்லாமல் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வார நாளில் காலையிலேயே போங்கள். பிக்மீ வாடகை வண்டியில் போகிறவர்கள் தேசிய வைத்தியசாலை என்று போட்டு இறங்கி, மிச்சத்தை நடக்கலாம். நான் அப்படித்தான் போனேன்.

தனியார் ஆய்வுகூடங்களில் எல்லாம் அடங்கிய பொதி என்று ஒன்றை விற்பார்கள். அதில் ஹெர்பீஸ் இரத்தப் பரிசோதனை இருந்தால், உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாதபோது, அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். வாயோரத்தில் கொப்புளம் வரவைக்கும் முதல் வகை ஹெர்பீஸ், 50 வயதுக்குக் குறைந்தவர்களில் உலகம் முழுக்க ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ரிப்போட் பயத்தைக் கூட்டுமே தவிர, செய்ய வேண்டியது எதையும் சொல்லாது.

உள்ளே போனதும்

எனக்குச் சிங்களம் அரைகுறை. முதல்நாள் இரவு முழுக்க வசனம் கட்டிப் பார்த்தேன். கவுன்டரில் "செக் கரகன்ன ஆவே" (செக் பண்ண வந்தேன்) என்ற மூன்று சொல்லே போதுமாக இருந்தது. மிஸ் தலையை ஆட்டிவிட்டு ஒரு கதிரையைக் காட்டினார். அவ்வளவுதான்.

போவதற்கு முன் இரண்டு மணித்தியாலம் சிறுநீர் கழிக்காதீர்கள். வரும் சிறுநீரின் முதல் பகுதியில்தான் கிருமி அதிகம் இருக்கும். எனக்கு இது தெரியாது. பதற்றத்தில் போய்விட்டு வந்து, மேலும் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன்.

வைத்தியர் கேட்கும் கேள்விகள் வெளிப்படையாக இருக்கும். உங்களோடு இருந்தவர் ஆணா பெண்ணா, எந்த வகை உறவு, வாய்வழியா, கடைசியாக எப்போது. நான் வாய்வழி உறவை மறைத்தேன். சிறுநீரும் இரத்தமும் மட்டும் எடுத்தார்கள். வாசல் வரை வந்து, திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. ஒரு பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் தடவி எடுத்தார். தொண்டையில் இருக்கும் கொனோரியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, சிறுநீரிலும் தெரியாது. நீங்கள் சொல்லும் இடத்தில்தான் தேடுவார்கள்.

அப்புறம் ஒன்று. பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கிருமி பாதி அடங்கி, பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

தொற்று என்று வந்தால்

ஆரம்பக் கட்டச் சிபிலிசுக்குப் பென்சிலின் ஊசி. கொனோரியாவுக்கும் ஊசிதான். கிளமீடியாவுக்குப் பொதுவாக ஏழு நாள் மாத்திரை. மூன்றும் முழுதாகக் குணமாகும். உங்களோடு இருந்தவருக்கும் சொல்லுங்கள். அவர் மருந்தெடுக்காவிட்டால் உங்களுக்கே திரும்பி வரும். எச்.ஐ.வி.க்கு இங்கே அரசாங்கம் இலவசமாகச் சிகிச்சை தருகிறது. மாத்திரையைத் தவறாமல் எடுத்து, கிருமி இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் அது இன்னொருவருக்குப் பரவாது.

பிறகு சேர்த்தவை

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "கல்யாணமாகாத பொம்பிளைப் பிள்ளை போனால் என்ன நினைப்பார்கள் அண்ணா?" தங்கச்சி, இந்த நாட்டில் கருவுற்ற தாய்மாருக்கெல்லாம் கிளினிக்கில் சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்க்கிறார்கள். உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ பிள்ளை இருந்தால் அவரும் இதே பரிசோதனையைச் செய்தவராகத்தான் இருப்பார். அப்படிப் பார்த்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை இரண்டும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது. துணைக்கு ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியரிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள்.

இன்னொருவர் 90ஆம் நாளும் தாண்டி, இரண்டு ரிப்போட்டும் சுத்தமாக வந்த பிறகும், தினமும் கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பதாக எழுதியிருந்தார். எனக்கும் அப்படி இருந்தது. மூன்றாவது தடவை இரத்தம் கொடுக்கப் போனபோது, வைத்தியர் ஊசியை எடுக்காமல் என்னோடு பத்து நிமிடம் பேசினார். இரத்தத்தில் தேடுவதற்கு இனி ஒன்றுமில்லை, பயத்துக்குத்தான் மருத்துவம் வேண்டும் என்றார். 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, இரவிலும் எடுப்பார்கள். நான் அழைத்தது இரவு இரண்டு மணிக்கு.