பழைய கார் மிஸ் அடிக்கிறதா? புதுப் பொருள் வாங்கும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

ஐட்லிங்கில் நிற்கும்போது வண்டி விட்டுவிட்டுக் குலுங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை இருக்காது. சைலன்சர் சத்தம் சீராக இல்லாமல் நடுநடுவே ஒரு அடி தவறிப்போனதுபோல் கேட்கும். ஏதோ ஒரு சிலிண்டரில் எரிய வேண்டிய பெட்ரோல் எரியவில்லை என்று அர்த்தம்.

பழைய கார் வாங்கிய பலர் உடனே பிளக், காயில், சென்சார் என்று வரிசையாகப் புதிது வாங்கி மாட்டத் தொடங்குவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல நாலு சிலிண்டர் இன்ஜின்களில் ஒரே மாதிரியான, தீப்பொறி தரும் பிளக்கும், அதற்கு அதிக வோல்டேஜ் தரும் காயிலும், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரும் நாலு நாலு இருக்கின்றன. அவற்றை இடம் மாற்றிப் பார்த்தாலே பல நேரம் குற்றவாளி சிக்கிவிடும். ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி), பிளக் ஸ்பேனர், மல்டிமீட்டர் இருந்தால் போதும். இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் இன்ஜினுக்கு.

முதலில் ஒரு எச்சரிக்கை. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் உருகிவிடலாம். ஒரு பிளக்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

படி 1: எப்போது மிஸ் அடிக்கிறது என்று எழுதுங்கள்

காசே இல்லாத சோதனை இது. ஐட்லிங்கில் மட்டும் குலுங்கி, ரேஸ் கொடுத்தால் சரியாகிறதா? எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்று சந்தேகப்படுங்கள். மேட்டில் ஏறும்போது, பாரம் இழுக்கும்போது மட்டும் வருகிறதா? அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம்; பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் தேவை. பலவீனமான காயிலோ, இடைவெளி அகன்றுபோன பிளக்கோ அங்கேதான் தோற்கும். மழையில், ஈரத்தில் மட்டும் வந்தால் பழைய பிளக் ஒயரைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் மட்டும் குலுங்கி, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 2: எந்தச் சிலிண்டர்?

ஸ்கேனரை மாட்டிக் குறியீட்டைப் படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றில் நிற்காமல் பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது. அப்போது எல்லாவற்றுக்கும் பொதுவான காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம் பக்கம் போங்கள். அழிப்பதற்கு முன் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். குறியீடு சிலிண்டரைத்தான் காட்டும், கெட்ட பாகத்தைக் காட்டாது. முதல் சிலிண்டர் எந்தப் பக்கம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஓபிடி இல்லாத வண்டியில் இன்ஜெக்டர் இருந்தால், இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் ஓட்டம் சட்டென்று தடுமாறும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையா? அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைக் கையால் இழுக்கவே கூடாது. அதில் 20,000 வோல்டுக்கு மேல் வரும்.

படி 3: இடம் மாற்றுங்கள்

பி0303 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை அணைத்துவிட்டு மூன்றாவது காயிலை இரண்டில் மாட்டுங்கள், இரண்டாவதை மூன்றில். குறியீட்டை அழித்துவிட்டு, எந்த நிலையில் மிஸ் அடித்ததோ அதே நிலையில் ஓட்டுங்கள். இப்போது பி0302 வந்தால் காயில்தான் கெட்டது; சந்தேகமே வேண்டாம். மறுபடி பி0303 வந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

பிளக்கைக் கழற்றும் முன் இன்ஜின் நன்றாக ஆறட்டும். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு கழற்றினால் மரை போய்விடலாம். பிளக் இருக்கும் குழியில் உள்ள தூசியை முதலில் ஊதிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால்தான் திருக வேண்டும்.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள், அது நிறைய சொல்லும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது தீப்பொறி போதவில்லை. ஆயில் பிசுபிசுத்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெளேரென்று இருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. வெள்ளைப் பீங்கானில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்த வழியாக ஓடியிருக்கிறது. குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டை மாற்றாமல் புதுக் காயில் போடாதீர்கள், அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும்.

படி 4: காற்றும் பெட்ரோலும்

ரப்பர் ஹோஸ்களை வளைத்து வெடிப்பு பாருங்கள், உஸ் என்ற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்து, சுழலும் பெல்ட்டுக்கு விலகி நின்று, பிடியைக் காதருகே வைத்தால் டிக் டிக் ஒலி கேட்க வேண்டும். ஒன்று மட்டும் மௌனமாக இருந்தால் அதன் மின்தடையை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 12 முதல் 16 ஓம் வரை இருக்கும்.

படி 5: கம்ப்ரஷன்

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் தேவை. எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் சில விநாடி செல்ஃப் அடியுங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வில் கோளாறு இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இந்த அளவுகளைச் சிலிண்டர் வாரியாக எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்து, ஹெட்டைத் திறக்கும் முன் வால்வு கிளியரன்ஸை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளியை) பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்வதோடு முடிந்துவிடும் வண்டிகளும் உண்டு.