பெரிய எஸ்.யு.வி. என்ஜின் சூடேறுகிறதா? எதையும் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏழு பேர், பின்னால் பெட்டிகள், ஏசி வேறு. பாதி மலை ஏறுவதற்குள் எங்கள் டீசல் எஸ்.யு.வி.யின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அப்புறம் இரண்டு மாதத்தில் வாட்டர் பம்பை மாற்றினோம், ரேடியேட்டரை மாற்றினோம். கடைசியில் பார்த்தால் கோளாறு ஃபேன் கிளட்சில், அதாவது ரேடியேட்டர் ஃபேனை இறுகப் பிடித்துச் சுற்றவைக்கும் பாகத்தில். வண்டி எந்த நேரத்தில் சூடாகிறது என்று முதல் நாளே யோசித்திருந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். புதிதாகப் பெரிய வண்டி வாங்கியவர்களுக்கு அந்த அலைச்சல் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், சாலையில் செய்ய வேண்டியது

முள் வழக்கத்தைவிட மேலே ஏறுகிறது, ஆனால் சிவப்பைத் தொடவில்லை என்றால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். என்ஜினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் திரவம்தான் கூலண்ட், ஹீட்டருக்குள் ஓடுவதும் அதேதான். அது ஒரு குட்டி ரேடியேட்டர் மாதிரி வேலை செய்து என்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். உள்ளே வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. இடம் கிடைத்ததும் ஓரம் கட்டுங்கள்.

முள் சிவப்புக்குப் போய்விட்டாலோ, பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தாலோ உடனே நிறுத்தி என்ஜினை அணையுங்கள். "அடுத்த ஊர் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டாதீர்கள். பெரும்பாலான என்ஜின்களில் சிலிண்டர் ஹெட், அதாவது என்ஜினின் மேல்பாகம், அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடானால் அது வளைந்துபோகும். சிவப்பில் இருந்த முள் தானாகச் சட்டென்று கீழே விழுந்தாலும் நம்ப வேண்டாம். கூலண்ட் முழுக்கக் கொட்டிப்போய், சென்சார் வெறும் காற்றில் நிற்பதாலும் அப்படி ஆகும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் உள்ள திரவம், அதனால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்து அழுத்தம் போன நொடியில் அது மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம், இரும்போ அலுமினியமோ வெடிப்பு விட்டுவிடும்.

படி 1: காலையில், குளிர்ந்த வண்டியில்

கூலண்ட் டப்பாவில் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. நல்ல கூலிங் சிஸ்டத்தில் கூலண்ட் மாதாமாதம் குறையாது. ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்புக்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்து, காய்ந்த பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கறையைத் தேடுங்கள். ராத்திரி வண்டிக்கடியில் ஓர் அட்டையைப் போட்டு வைத்தால் காலையில் சொட்டிய இடம் தெரியும். நிறமில்லாத தண்ணீர் என்றால் அது ஏசி தண்ணீர், கவலை இல்லை. கீழே கிடக்கும் கூலண்டை உடனே கழுவிவிடுங்கள். அது இனிக்கும், ஆனால் விஷம். நாய், பூனை நக்கிவிடும்.

படி 2: எப்போது சூடாகிறது?

இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டி, எழுதி வையுங்கள்.

சிக்னலிலும் நெரிசலிலும் சூடாகி, நெடுஞ்சாலையில் காற்று பட்டதும் இறங்கிவிடுகிறதா? அப்படியானால் ஃபேன் பக்கம் பாருங்கள். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். மெதுவாகப் போகும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. மலை ஏற்றமும் இதே கணக்குதான்: வேகம் 20, 30, ஆனால் என்ஜினுக்கோ முழுச் சுமை. எங்கள் வண்டி சமதரையில் ஒழுங்காக ஓடி மலையில் மட்டும் மூச்சு வாங்கியது இதனால்தான்.

ஊருக்குள் ஒன்றும் இல்லை, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்தால்தான் முள் ஏறுகிறதா? ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் போதுமான அளவு தள்ளாமல் இருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறுகிறதென்றால் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது கூலண்டே இல்லை.

ஒரு சின்ன விஷயம். இப்போது வரும் பல வண்டிகளில் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள், உள்ளே 20 டிகிரி கூடினாலும் அசையாது. ஸ்டியரிங்குக்கு அடியில், வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிப்பதற்காக இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் ரீடரைச் செருகினால் உண்மையான டிகிரியை போனில் பார்க்கலாம். 85 முதல் 105 வரை இருந்தால் பொதுவாகப் பயமில்லை.

படி 3: ஃபேன்

எலக்ட்ரிக் ஃபேன் என்றால் என்ஜின் ஓடும்போது ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் உடனே சுற்றும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். இந்த ஃபேன் என்ஜின் அணைந்த பிறகும் தானாகச் சுற்றக்கூடியது, கையை உள்ளே விடாதீர்கள்.

பெரிய எஸ்.யு.வி.கள் பலவற்றில் என்ஜினோடு சேர்ந்தே சுற்றும் விஸ்கஸ் ஃபேன் இருக்கும். அதன் நடுவில் உள்ள கிளட்சுக்குள் சிலிகான் எண்ணெய். சூடு ஏறினால் அது இறுகப் பிடித்து ஃபேனை வேகமாகச் சுற்றவைக்கும். என்ஜின் அணைந்து, சாவி வெளியே இருக்கும்போது ஃபேனைக் கையால் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் பிசுபிசுவென்று எதிர்க்க வேண்டும். தள்ளியதும் பம்பரம் போலப் பல சுற்றுச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. நடுவில் எண்ணெய்க் கசிவு இருந்தாலும் அதே முடிவுதான்.

படி 4: ரேடியேட்டர் முகம்

முன்னால் ஏசி கண்டென்சர், பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவே பூச்சி, தூசி, சேறு கம்பளம் மாதிரி படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. என்ஜின் ஆறிய பிறகு, அழுத்தம் குறைந்த தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பீய்ச்சுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

படி 5: தெர்மோஸ்டாட்டும் மூடியும்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அதிலேயே 82, 88 என்று திறக்கும் டிகிரி அச்சடித்திருக்கும். ஒரு பாத்திரத்தில் தண்ணீரையும் தெர்மாமீட்டரையும் வைத்துச் சூடாக்கினால் அந்த அளவையொட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். "கழற்றிப் போட்டுடுங்க சார், சூடே ஆகாது" என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி டீசலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு இன்னும் ஏறும்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். விலை குறைந்த பொருள்தான், ஆனால் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதே அது.

படி 6: ஹெட் கேஸ்கெட்

சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள என்ஜின் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போயிருந்தால் தெரியும் அறிகுறிகள் இவை. வெளியே ஒழுகல் இல்லை, ஆனாலும் கூலண்ட் குறைகிறது. சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை. என்ஜின் எண்ணெய் பால் கலந்த காபி நிறம். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே மேல் ஹோஸ் கல் போல் இறுகுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.

படி 7: கூலண்ட் நிரப்புவது

கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. கேனிலேயே கலந்து வந்திருந்தால் தண்ணீர் சேர்க்க வேண்டாம். போர் தண்ணீர் கூடவே கூடாது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். வழியில் அவசரத்துக்கு ஊற்றியிருந்தால் ஊருக்கு வந்ததும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேடான பக்கம் இருக்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், குமிழி நின்று கூலண்ட் மட்டும் வரும் வரை திறந்து வையுங்கள். பிறகு மூடி, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிடுங்கள். ஹீட்டரில் சுடுகாற்று வராவிட்டால் உள்ளே ஏர் லாக் இருக்கிறது, அதாவது காற்று சிக்கி கூலண்டை ஓடவிடாமல் மறிக்கிறது. மறுநாள் காலை டப்பாவைப் பார்த்தால் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், மேல் கோட்டைத் தாண்டாமல் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கடுத்த நாளும் இறங்கினால் மறுபடி டார்ச்சை எடுத்துக்கொண்டு படி 1.