இல்லத்து மலருக்கு வரலாறு எழுத உட்காருகிறவர்களுக்கு

ஜூபிலி வருகிறது, மலர் போட வேண்டும், "அண்ணாச்சி, வரலாறு மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க" என்று கமிட்டி உங்கள் தலையில் கட்டியிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்தில் திருச்சபை நடத்தும் பிள்ளைகள் இல்லங்கள் சிலவற்றுக்கு இந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பழைய மலரை முதலில் மூடி வையுங்கள். அதைப் பார்த்து எழுதினால் அதிலுள்ள தப்பும் சேர்ந்தே வரும்.

முதல் தலைவலி தொடக்க ஆண்டு. முதலில் ஒரு பிள்ளை வரும், அப்புறம் கட்டடம், பதிவு கடைசியில்தான். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் நடத்திய டோனாவூர் இல்லத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1901 மார்ச்சில் கோயில் வீட்டிலிருந்து, அதாவது சிறுமிகளைத் தேவதாசிகளாக்க வளர்த்த வீட்டிலிருந்து, தப்பிய சிறுமி அம்மையாரிடம் வந்து சேர்ந்தது டோனாவூரில் அல்ல, பண்ணைவிளையில். கைக்குழந்தைகள் வரத் தொடங்கியது 1904-ல். ஆண்பிள்ளைகள் 1918-ல். டோனாவூர் ஐக்கியம் என்ற அமைப்பாகப் பதிவானது 1927-ல். எதைத் தொடக்கம் என்பீர்கள்? உங்கள் இல்லத்துக்கும் இப்படி மூன்று நான்கு தேதி கிடைக்கும். எல்லாவற்றையும் போடுங்கள். சுவரில் பதித்த கல்லை மட்டும் நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் கட்டடத்தின் வயதைத்தான் சொல்லும். 1877, 1878 என்று ஆண்டு வந்தால் தாது வருஷப் பஞ்சம் பின்னால் நிற்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து, எந்த மிஷன் என்று தெரிந்துகொள்ளுங்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவானதே 1947 செப்டம்பர் 27-ல்தான். அதற்கு முந்தைய கடிதங்கள் மிஷன் பெயரில்தான் இருக்கும். மெஞ்ஞானபுரம் என்றால் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி), அதன் காகிதங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். நாசரேத், இடையன்குடி என்றால் எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்), அதன் காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டில். நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன்.

ஆனால் உண்மையான சரக்கு உள்ளூரில்தான் கிடக்கிறது: ஸ்டோர் ரூம் பரணில். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, பெயரை விட்டுவிட்டு மற்ற கட்டங்களைப் படியுங்கள். "தகப்பன்: இல்லை. தாய்: கூலி" என்று வரிசையாக வரும். ஆக, அநாதை இல்லம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் பல பிள்ளைகளுக்குத் தாய் இருந்திருக்கிறாள். சோறு போடத்தான் வழியில்லை. விலகிய காரணம் என்ற கட்டத்தில் "தாய் வந்து கூட்டிப் போனாள்" என்று இருந்தால் அதை அப்படியே எடுத்தெழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு முன்னால் வாழ்த்துரை எல்லாம் சும்மா.

பிறகு கணக்கு நோட்டு. சேகரத்துப் (ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகள்) பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி ஒதுக்கிக் கொடுத்த பிடியரிசி எத்தனை படி, சபையார் சேர்ந்து சாப்பிடும் ஆசனப் பண்டிகைக்கு மிஞ்சிய சோறு இல்லத்துக்கு வந்ததா, மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தார்களா என்று பாருங்கள். "சபையார் ஆதரவு" என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போகிற விஷயம் இதுதான். வெளிநாட்டுப் பணத்தையும் மறைக்க வேண்டாம். ஜெர்மனியின் கிண்டர்நோட்ஹில்ஃபே (கே.என்.எச்.) என்ற பிள்ளைகள் உதவி அமைப்பு 1959-ல் தொடங்கி நம் பக்கத்து இல்லங்கள் பலவற்றுக்கு உதவியது. அதனால்தான் இன்றும் பழைய பிள்ளைகள் "கே.என்.எச். ஹாஸ்டல்" என்கிறார்கள்.

பேட்டி எடுக்கும்போது "இல்ல வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சு ஐயா" என்று முடித்துவிடுவார்கள். சனிக்கிழமை என்ன சாப்பாடு, தலைக்கு யார் எண்ணெய் வைத்துவிடுவார்கள், லீவுக்கு ஊருக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அடி வாங்கியதும் வரும், பசியும் வரும். கமிட்டி வெட்டச் சொல்லும். பெயரை எடுத்துவிட்டுச் சம்பவத்தை விட்டு வையுங்கள் என்று வாதாடுங்கள். சமையல்கார அம்மாவைத் தவறவிடாதீர்கள். வார்டன்கள் மாறுவார்கள், அவர் மாறியிருக்க மாட்டார்.

ஒரு கண்டிப்பு. இப்போது இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெயர், முகம், ஊர், பள்ளி எதையும் அச்சிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 இதைத் தடுக்கிறது; மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நடுப்பக்கத்தில் யூனிஃபார்மோடு குரூப் போட்டோ வேண்டும் என்று ஒருவர் அடம்பிடிப்பார். முதுகுப் பக்கமாக எடுத்த படமும் வேண்டாம், சட்டையில் பள்ளிப் பெயர் இருக்கும். வளர்ந்துபோன பழைய பிள்ளைகள் விஷயத்தில் அவரவரிடமே கையெழுத்து வாங்குங்கள்.

அச்சுக்குப் போகுமுன் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, ஒரு பிரதியைத் திருமண்டல (பேராயரின்) அலுவலகத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மலர் வெளியான கையோடு பரணைச் சுத்தம் செய்ய ஆள் வருவார்கள்.