ரேம் கெட்டதா, ஸ்லாட் கெட்டதா?

சும்மா ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் திடீரென்று நீலத்திரை. மறுநாள் இன்னொன்று, ஆனால் எரர் பெயர் வேறு. இந்த 'வேறு'தான் தடயம். டிரைவர் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்) கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், ரேம் கோளாறில் அந்தக் கெட்ட இடத்தில் யார் போய் உட்கார்கிறார்களோ அவர்கள் விழுவார்கள், இன்று பிரவுசர், நாளை கேம். எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு பெரிய ஜிப் ஃபைல்: ஒரு தடவை சிஆர்சி எரர், அதாவது ஃபைல் சிதைந்திருக்கிறது என்ற எச்சரிக்கை, அடுத்த தடவை எந்தக் குறையும் இல்லாமல் விரிந்தது. டிஸ்க்தான் போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன்.

சந்தேகம் வந்ததுமே அவசரப்பட்டு பேக்கப் எடுக்காதீர்கள். காப்பி ஆகிற ஒவ்வொன்றும் அதே ரேம் வழியாகத்தான் போகிறது, நல்ல பேக்கப்பின் மேல் கெட்ட ஃபைலை எழுதிவிட வாய்ப்பு உண்டு. வேண்டுமானால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள்.

அடுத்து பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கிற செட்டிங்ஸ் பக்கம். அங்கே எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு ஏற்றும் செட்டிங்) ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். பெட்டியில் 3600 என்று போட்டிருக்கும் டிடிஆர்4 ரேம் அப்போது 2133, 2400 மாதிரி சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். அதோடு பிரச்சினை நின்றுவிட்டால் ரேம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, அந்த வேகம் உங்கள் போர்டுக்கோ பிராசஸருக்கோ ஒத்துவரவில்லை. கொஞ்சம் குறைந்த வேகத்தில் வைத்து ஓட்டலாம்.

அப்படியும் தொல்லை தொடர்ந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ புரோகிராம். இலவசம்தான், பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும். விண்டோஸில் கூடவே வரும் மெமரி டயக்னாஸ்டிக்கும் இருக்கிறது, அது எரர் காட்டினால் நம்பலாம், ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். மெம்டெஸ்டை ராத்திரி ஓட விட்டுத் தூங்கப் போங்கள், குறைந்தது நான்கு பாஸ் (முழுச் சுற்று) முடியட்டும், சில கோளாறு சூடேறின பிறகுதான் தலைகாட்டும். சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் ஃபெயில்தான். 'ஒண்ணு ரெண்டு எரர் பரவாயில்லை' என்பதெல்லாம் ரேமில் கிடையாது.

எரர் வந்துவிட்டதா? சரி, இப்போதுதான் உண்மையான வேலை. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டபிறகு ரேமைத் தொடுங்கள். எல்லாவற்றையும் கழற்றி, ஒரே ஒரு ஸ்டிக்கை (ரேம் பட்டையை) மட்டும் மாட்டுங்கள். ரேம் மாட்டும் ஸ்லாட் நான்கு இருக்கும் போர்டு என்றால் வழக்கமாக பிராசஸரிலிருந்து இரண்டாவது, போர்டில் ஏ2 என்று அச்சிட்டிருக்கும். 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் மிரட்டும், பாதி 'ரேம் போச்சு' கதைகள் இதுதான். டிடிஆர்5 ஆக இருந்தால் ரேம் மாற்றியபின் முதல் பூட்டில் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம், பதறி ஆஃப் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, அதே ஸ்லாட்டில் டெஸ்ட் செய்யுங்கள். எரர் ஒரு ஸ்டிக்கோடு மட்டும் வந்தால் அதை இன்னொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள், அங்கேயும் வந்தால் அதுதான் குற்றவாளி. எல்லா ஸ்டிக்கும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தடுமாறினால் ஸ்லாட்டைப் பாருங்கள், தூசியாக இருக்கலாம். ஸ்டிக்கின் தங்க நிறப் பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் மாட்டுங்கள். எந்த ஸ்டிக், எந்த ஸ்லாட், எத்தனை பாஸ் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள், மூன்றாவது தடவை மாற்றும்போது கட்டாயம் குழம்பும்.

தனித்தனியாக எல்லாம் பாஸ், சேர்த்துப் போட்டால் ஃபெயில் என்றும் வரும். வேறு வேறு ரகத்து ஸ்டிக்குகளைக் கலந்து போட்டவர்களுக்கு இது சகஜம். எந்த ஸ்டிக்கும் எந்த ஸ்லாட்டிலும் சரிவரவில்லையா, அப்புறம் பிராசஸரைக் கழற்றி சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேதான் இருக்கிறது. கூலரை ஒரு பக்கமாக இறுக்கினாலும் இப்படி ஆகும்.

ஸ்டிக்தான் கெட்டது என்று முடிவானால் பில்லைத் தேடுங்கள், பல ரேம்களுக்கு ஆயுள் வாரன்ட்டி உண்டு. ஜோடியாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் ஜோடியாகத்தான் திருப்பிக் கேட்பார்கள், நல்ல ஸ்டிக்கையும் எடுத்து வையுங்கள்.