எக்செல் ஃபைலுக்குள் கிடந்த பாஸ்வேர்டு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளியிடம் ஒரு வித்தை காட்டினேன். கம்பெனி டேட்டாபேஸிலிருந்து நேராக விவரம் இழுக்கும் எக்செல் ஸ்டாக் ரிப்போர்ட் ஒன்று ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு மெயிலில் போயிருந்தது. அதைக் காப்பி எடுத்து, ஃபைல் பெயரின் கடைசியில் இருந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்தேன். உள்ளே ‘எக்ஸ்எல்’ ஃபோல்டர், அதற்குள் ‘கனெக்‌ஷன்ஸ்’ என்று ஒரு ஃபைல். நோட்பேடில் போட்டதும் சர்வர் பெயர், ‘எஸ்ஏ’ என்ற யூசர், பாஸ்வேர்டு மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. பாஸ்வேர்டு என்ன பெரிய பாஸ்வேர்டு, கம்பெனி பெயரும் 123-ம்தான். “இது எத்தனை பேருக்குப் போயிருக்கும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

எஸ்ஏ என்பது, கம்பெனிக் கணக்கெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான எஸ்க்யூஎல் சர்வரின் சாவிக்கொத்து. பார்க்கலாம், மாற்றலாம், மொத்தமாக அழிக்கவும் செய்யலாம். அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன். பில்லிங் சாஃப்ட்வேரும் அதே எஸ்ஏ-வில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அரை நாள் பில் போட முடியவில்லை. அதனால் நீங்கள் மாற்றும் முன், அந்த லாகினில் எந்தெந்த மெஷின் உள்ளே வருகிறது என்று எஸ்க்யூஎல் சர்வரின் ஆக்டிவிட்டி மானிட்டரில் சில நாள் கவனியுங்கள்.

ரிப்போர்ட்டுக்குத் தனி யூசர் வேண்டும். பலரும் யூசரைப் போட்டு ‘டேட்டாரீடர்’ ரோலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகி விடுவார்கள். அந்த ரோலால் எதையும் அழிக்க முடியாதுதான், ஆனால் சம்பள டேபிள் வரை எல்லாவற்றையும் படிக்க முடியும். நான் ‘ரிப்போர்ட்’ என்று தனி ஸ்கீமா, அதாவது டேட்டாபேஸுக்குள் ஒரு தனி அறை போட்டு, அதற்குள் வியூக்கள் மட்டும் வைத்திருக்கிறேன். வியூ என்பது டேபிளைப் பார்க்க ஒரு ஜன்னல் மாதிரி. பார்ட்டி, ஸ்டைல், கலர், பீஸ், தேதி என்று தேவையான காலம்கள் (நெடுவரிசைகள்) மட்டும்தான் அதில் இருக்கும். யூசருக்கு அந்த ஸ்கீமாவில் செலக்ட், அதாவது படிக்கும் உரிமை, வேறெதுவும் கிடையாது. வியூவும் டேபிளும் ஒரே ஓனரிடம் இருந்தால் டேபிளுக்கென்று தனி உரிமை தேவையில்லை. டேபிள்களுக்கு வழக்கமாக ஓனராக இருப்பது டிபிஓ என்ற யூசர். அதற்காகத்தான் ஸ்கீமாவின் ஓனரையும் டிபிஓ என்றே வைக்கச் சொல்கிறேன்.

எக்செல்லில் டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் டேட்டாபேஸ் என்று போய் இணையுங்கள். இந்த வழியில் பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டரில் தங்கும், ஃபைலோடு ஊர் சுற்றாது. டேட்டாபேஸோடு இணைக்கும் பழைய ஓடிபிசி வழியில் போனால் ‘சேவ் பாஸ்வேர்டு’ டிக்கைத் தொடாதீர்கள். எங்கள் வினையே அந்த டிக்தான்.

ஓடிபிசியில் இன்னொரு கூத்து. நீங்கள் போட்ட டிஎஸ்என் (சர்வர் விவரத்தைச் சேமித்து வைக்கும் பெயர்) சில நேரம் எக்செல்லில் தெரியவே தெரியாது. 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் தனித்தனி ஓடிபிசி ஜன்னல் உண்டு. 64 பிட்டுக்கானது சிஸ்டம்32 ஃபோல்டரில், 32 பிட்டுக்கானது சிஸ்வவ்64 ஃபோல்டரில். ஆமாம், பெயர் தலைகீழ்தான். உங்கள் ஆபீஸ் எந்தப் பிட்டோ அந்த ஜன்னலில் போடுங்கள். ஓடிபிசி டிரைவர் 18-க்கு மாறியதும் சர்டிபிகேட் எரர் வந்தால் பயப்பட வேண்டாம், அது என்க்ரிப்ஷனை, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவதை, தானாகவே கேட்கும். ‘டிரஸ்ட் சர்வர் சர்டிபிகேட்’ போட்டால் எரர் போய்விடும், ஆனால் எதிரே இருப்பது நம் சர்வர்தானா என்ற சோதனையும் அதோடு போய்விடும். சர்வரில் முறையான சர்டிபிகேட் போடுவதுதான் சரி.

அப்புறம் க்வெரி, அதாவது டேட்டாபேஸிடம் விவரம் கேட்டு எழுதும் கட்டளை. அக்கவுண்ட்ஸ் அக்கா ஒரு நாள் கூப்பிட்டார். “தம்பி, மார்ச் சேல்ஸ்ல 31-ந்தேதி பில்லே காணோமுங்க.” வருஷக் கடைசியில் பில் குவியும் நாள் அது. க்வெரியில் ‘பிட்வீன்’ போட்டு 1-3-2025 முதல் 31-3-2025 வரை என்று எழுதியிருந்தேன். தேதியோடு நேரமும் இருக்கும் காலமில் 31 என்றால் அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி என்றுதான் சர்வர் எடுத்துக்கொள்ளும். காலை 10 மணிக்குப் போட்ட பில் கணக்கில் வராது. மார்ச் 1 அல்லது அதற்கு மேல், ஏப்ரல் 1-க்குக் கீழ் என்று எழுதுங்கள். தேதியை 20250401 என்று ஒட்டியே எழுதினால் நாள் முன்னா மாதம் முன்னா என்ற குழப்பமும் வராது.

பார்ட்டி பெயரைத் தமிழில் தேடினால் ஒன்றும் வராதா? க்வெரியில் அந்தப் பெயரின் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய ‘என்’ எழுத்தைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் சர்வருக்கு முருகன் வெறும் கேள்விக்குறிகள்தான். அந்தப் பெயர் இருக்கும் காலமின் வகையும் தமிழ் எழுத்தைத் தாங்கும் ‘என்வார்சார்’ ஆக இருக்க வேண்டும்.

மொத்த டேபிளையும் இழுத்து எக்செல்லில் ஃபில்டர் போடும் பழக்கத்தை விடுங்கள். ஷீட்டில் 10,48,576 வரிசைக்கு மேல் இடமில்லை, இழுக்கும்போது பில்லிங்கும் திணறும்.

எல்லாம் முடிந்ததும் ரிப்போர்ட் யூசராக உள்ளே போய், பில் டேபிளில் ஒரு டெலீட் கொடுத்துப் பாருங்கள். நிபந்தனையாக 1 = 0 என்று மறக்காமல் சேர்த்து. உரிமை தப்பாக இருந்தாலும் ஒரு வரிகூடப் போகாது. சரியாக இருந்தால் அனுமதி இல்லை என்று சர்வர் திட்டும். திட்டு விழுந்த பிறகுதான் அக்காவுக்கு ஃபைலைக் கொடுப்பேன்.