மடைப் பேச்சுக்கு ஊரைத் திரட்டிக்கொண்டு போகாதீர்கள்

பிசான நெல் பருவத்தில் குளம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பேச்சே முறைத்தண்ணீர்தான், அதாவது யார் எப்போது மடையைத் திறந்து பாய்ச்சுவது என்று முறை வைப்பது. அப்போதும் மேலமடைக்காரரும் கீழமடைக்காரரும் வரப்பில் தனியாகச் சந்தித்தால் சண்டை வராது. "அண்ணாச்சி, இன்னைக்கு ராத்திரி நீங்க பாய்ச்சிக்கிடுங்க, நாளைக்கு நான் திருப்பிக்கிடுதேன்." "சரிடே, பாத்துக்கிடலாம்." முடிந்தது. அதே இருவரும் ஆளுக்கு இருபது பேரோடு கோயில் திண்ணையில் உட்காரட்டும், விடிய விடியப் பேசினாலும் ஒன்றும் நகராது.

உடனே, "அந்த ஊர்க்காரனுவளே அப்படித்தான்" என்று முடிவு கட்டுவது முதல் தவறு. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர்களான செஸ்டர் இன்ஸ்கோவும் ஜான் ஷோப்லரும் இதையே விளையாட்டாக வைத்துப் பார்த்தார்கள். இரு தரப்பும் ஒத்துப்போனால் இருவருக்கும் சுமாரான லாபம். ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்குக் கொள்ளை லாபம். இருவரும் ஏமாற்றினால் இருவருக்கும் அடி. தனித்தனியாக ஆடியவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். குழுவாக ஆடியபோது ஏமாற்றுவது வெகுவாகக் கூடியது. ஆட்கள் என்னவோ அதே மாதிரி ஆட்கள்தான்.

காரணங்களில் ஒன்று பயம்: எதிரே கூட்டமாக வந்தாலே ஏமாற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். இன்னொன்று ஆசை. 'ரெண்டு மணி நேரம் கூடப் பாய்ச்சினால் என்ன' என்று தனியாகத் தோன்றினால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கூட்டத்தில் ஒருவர் சொன்னதும் நாலு தலை ஆடும், கூச்சம் போய்விடும். "எனக்கா கேக்கேன், ஊருக்குல்லா கேக்கேன்" என்று யாராவது ஆரம்பித்தால் நான் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவேன். அப்புறம், கூட்டத்துக்கு முகம் கிடையாது. ராத்திரி மடையைத் திறந்தது யார் என்றால் பதில் வராது.

ஆள்பலம் காட்டப் போவது அடுத்த தவறு. ஒருவரை அனுப்பினால் போதும். ஆனால் திரும்பி வந்ததும் "விட்டுக்குடுத்துட்டா வந்த?" என்று அவரைப் பிடித்துக்கொள்வோம் என்றால், அங்கேயும் அவர் வாயில் ஊர்தான் பேசும். முடிவெடுக்கிற உரிமையையும் கொடுத்தனுப்ப வேண்டும்.

இந்த ஒரு முறைக்கு மட்டும் பேசுவதும் தவறு. பின்னால் வரப்போகிற விளைவை யோசிக்க வைத்தபோது குழுக்களின் போட்டி குறைந்ததையும் இன்ஸ்கோ குழுவினர் கண்டார்கள். அதனால் நடவு முதல் அறுப்பு வரை மொத்தமாகப் பேசி நோட்டில் எழுதிவிடுங்கள். எழுதும்போது 'மேலூர், கீழூர்' என்று போடாமல், எந்த ராத்திரி மடையில் யார் நிற்பார் என்று ஆள் பேரைப் போடுங்கள்.